சுயம்புக்கனி வீட்டில் தொலைந்தவை

ஏட்டு தங்கப்பழத்தைக் குத்திக் கொன்ற இசக்கிராஜுக்குத் தூக்குத் தண்டனை. யாரைக் கொன்றோம் என்று தெரிந்து சாகட்டும் என்று, ஏட்டின் ஞாபகம் முழுவதையும் வழக்கம்போல அவன் மண்டைக்குள் இறக்கிவிட்டார்கள். ஏட்டின் மனைவி சுயம்புக்கனி, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்து, "போதும்" என்றால் மறுநாள் கயிறு.

முதல் தடவை ஜெயிலுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"வீட்டுப் பத்திரம் எங்க?"

"பரண்ல, பழைய குக்கருக்குள்ள இருக்குக்கா."

இருந்தது. அடுத்த வாரம் சாவிக்கொத்து தொலைந்தது. அதற்கடுத்த வாரம் அரிவாள்மனை. அரிவாள்மனை தொலைகிற வீட்டை ஊரில் யாரும் கண்டதில்லை.

"யம்மா, ஒரு வீட்டுல இவ்வளவா தொலையும்?" என்றார் ஜெயிலர்.

"போலீஸ்காரர் வீடு சார். களவாணிப்பய வரமாட்டான். சாமான் தானாப் போனாத்தான் உண்டு."

ஒருநாள் இசக்கிராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டீங்களாக்கா? அவருக்கு எப்பவும் அந்தப் பயந்தான்."

அன்றுதான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

இந்த வாரம் வந்தவள், "என் கண்ணாடிய எங்க வச்சேன்?" என்று கேட்டாள். ஏட்டு செத்த பிறகு வாங்கிய கண்ணாடி அது. அவள் நெற்றிக்கு மேலேதான் இருந்தது. இசக்கிராஜ் பார்த்தான். ஜெயிலரும் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

"உடனே ஞாபகம் வரலக்கா. அடுத்த வாரம் சொல்லுதேன்."

"மெதுவா யோசி. அவருக்கும் அவசரப்பட்டா ஒண்ணும் வராது."

சுயம்புக்கனி கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, அடுத்த வாரம் பார்க்க வருவதற்கான சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.