எலிகளுக்காவது நிக்கட்டும்

“கெளம்புடி! மதுரை பஸ்சுக்கு நேரமாச்சு!”

“பத்து நாள் லீவு போட்டுட்டுத்தான ஆத்தா வந்தேன்? மூணு நாள்ல வெரட்டுறியே!”

“எலிக்கு ஊசி போட அங்க ஆளில்லன்னு நீதான சொன்ன? வெரசா போ!”

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஈஸ்வரி, மகளின் பையைத் தூக்கித் தெருவில் வைத்தாள். மகள் முத்துப்பிரியாவுக்கு பெங்களூர் ஆய்வகத்தில் வேலை. குடல் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு, அது ஈரலுக்குப் பரவாமலிருக்க ஒரு புது மருந்தைப் போட்டுப் பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பிரதீப்போடு பழக்கமாம், அதுதான் ஆத்தாளுக்குக் கோபம் என்று தெரு தீர்ப்பே சொல்லிவிட்டது.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஈஸ்வரி தெருமுனையிலேயே நின்றாள்.

“பெத்த மகள இப்படியா வெரட்டுவ?” விவரம் கறக்க வந்தாள் எதிர்வீட்டு ராக்கு.

அவளை வீட்டுக்குள் கூட்டிப்போன ஈஸ்வரி, ஏலக்காய்ச் சாக்குக்கு அடியிலிருந்து ஸ்கேன் படத்தை உருவினாள்.

“முந்தி குடல்ல ஆபரேசன் பண்ணுனாகல்லக்கா? இப்ப ஈரலுக்குப் பரவிருச்சாம். இது தெரிஞ்சா அவ சோலிய விட்டுட்டு இங்கனயே உக்காந்துருவா.”

“அடிப்பாவி, அவ மருந்தவே வாங்கிப் போட்டுக்கிற வேண்டியதுதான?”

“மனுசருக்கு வர பல வருசமாகுமாம்க்கா. எலிகளுக்காவது நிக்கட்டும்.”

அதன்பின் தினமும் போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: “எலிக்கெல்லாம் ஈரல் எப்பிடி இருக்கு?” ஆத்தாளுக்குத் தன் ஆராய்ச்சியில் இத்தனை ஆசையா என்று மகளுக்குப் பெருமை.

மாசியில், பெரும்பாலான எலிகளுக்குப் பரவல் நின்றுவிட்டது. ஈஸ்வரி தையிலேயே போய்ச்சேர்ந்துவிட்டாள்.

முத்துப்பிரியா பிரதீப்பையே கட்டிக்கொண்டு பெங்களூரிலேயே தங்கிவிட்டாள். தெரு சொன்னதில் அது ஒன்றுதான் பலித்தது.