க்கும்!

"அண்ணே, அந்த இருமல்காரர் வந்தா இன்னைக்கு உள்ளே விடாதீங்க."

வாசல்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு கச்சேரி விடாம வர்றவராச்சேம்மா..."

"அதான் சொல்றேன். ஒரு கச்சேரி விடாம கெடுக்கிறாரு."

அவள் பாட்டில் வார்த்தை கிடையாது. மூச்சு, முனகல், சீறல், விம்மல். எல்லாம் அவளே கோத்தது. முதலில் தொண்டை கிழிய ஒரு பேரிரைச்சல். அது உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். அப்புறம் நெடுநேரம் மௌனம். அதற்குள்ளிருந்து நூல் போல ஒரு குரல் கிளம்பும். அந்த நூலுக்காகத்தான் பாட்டே.

சரியாக அந்த மௌனத்தில்தான் மனுஷன் இருமுவார். "க்கும்!"

"பாடுறியா, பல்வலியா?" என்று கேட்ட அக்கா, போகப் போகப் போன் பண்ணுவதையும் விட்டுவிட்டாள். வீட்டில் பேச ஆளில்லை. அவளுக்கென்று இருந்தது இந்தச் சின்ன அரங்கமும், இருட்டில் முகம் தெரியாத கூட்டமும்தான்.

இன்றைக்குப் பாட்டைப் பதிவு செய்கிறாள். இத்தனை வருஷத்தில் இசைத்தட்டாக வரப்போகும் முதல் பாட்டு.

கருவியை ஓடவிட்டு மேடையேறினாள். விளக்கு கண்ணைக் குத்தியது. இரைச்சல் உச்சிக்குப் போய் நின்றது.

மௌனம்.

இருமல் இல்லை. அப்பாடா என்று இருக்க வேண்டும்தானே? கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. எதற்கோ காத்திருந்தாள். எதற்கென்று தெரியவில்லை. நூல் கிளம்பவே இல்லை.

எப்போதும் இருட்டில் கைதட்டலைக் கேட்டுக்கொண்டே பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். இன்று பாதியில் இறங்கி வந்து அரங்கத்து விளக்கைப் போட்டாள்.

ஒரு நாற்காலியிலும் ஆளில்லை.

"எங்கேண்ணே எல்லாரும்?"

வெளிச்சம் கண்டு உள்ளே வந்த வாசல்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க பெருசா கத்துற இடம் வருதுல்ல, அந்தச் சத்தத்துலதான்மா எல்லாரும் நழுவுறது. இன்னைக்கு நேத்தா? எப்பவும் அப்படித்தான்."

"அப்போ கடைசியில கைதட்டுறது?"

"நானும் அவரும்தான். இன்னைக்கு அவரை மறிச்சு நிக்கப்போய், நானும் வெளியே மாட்டிக்கிட்டேன்."

"அவர் போயிட்டாரா?"

"எங்கே போறது? படியிலதான் உக்காந்திருக்காரு."

ஓடினாள். வயசானவர், மடியில் குடையை வைத்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தபடி இருந்தார்.

"உள்ளே வாங்கய்யா. முதல்லேருந்து பாடணும்." குரல் உடைந்தது. "இருமல் வந்தா இருமிக்கோங்க. பரவாயில்லை."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எனக்கு ஏதும்மா இருமல்? ஒரு ஆள் இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."