எர்மானோ மறந்துவிட்டு வந்த உடுப்புகள்

இவானா தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தன் கணவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபது வயதுக்கு மேல் இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று மனசு இடித்தது. இருந்தாலும் அங்கிருந்து நகரவில்லை.

இத்தாலியின் துரின் நகரத்துக் குளிர்காலத்தில் மாலை உலா என்றால் சும்மா கால்வீசி நடப்பதில்லை. கடைவீதியின் தூண் வளைவுகளுக்கடியில் ஊரே நடந்தபடி, யார் எதற்கு மேல் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உடுத்த வேண்டும். ஆனால் மூட்டை மாதிரி தெரியக் கூடாது.

எர்மானோவை உடுத்தி அனுப்புவது இவானாதான். உடம்போடு ஒட்டிய கம்பளி பனியன், சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், அவளே பின்னிய தடித்த கார்டிகன், எல்லாவற்றுக்கும் மேலே ஓவர்கோட். சட்டைக் காலரை ஒரு விரல் அளவு வெளியே இழுத்துவிட்டு, கார்டிகனின் கடைசிப் பொத்தானைத் திறந்துவிட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

அவளுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து அவர் தனியாகத்தான் போகிறார்.

போனவர் போட்டுக்கொண்டு போன அத்தனையோடும் திரும்புவதில்லை.

முதலில் சாம்பல் நிறக் கார்டிகனைக் காணோம். முடிவெட்டும் கடையில் மறந்துவிட்டாராம். சரி என்று விட்டாள்.

பிறகு கம்பளி பனியன். சீட்டாடும் கிளப்பில் ஒரே புழுக்கமாம்.

பனியனை யாராவது மறப்பார்களா? அதைக் கழற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கும் அத்தனையையும் கழற்றியாக வேண்டும். யார் முன்னால் கழற்றினார்?

ரொட்டிக்கடை பியா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டாள்.

“உன் ஆளு கோட்டுக்குள்ள வெறும் மெல்லிசு ஸ்வெட்டரோட திரியிறாரு. காதல் வந்தா ஆம்பளைக்குக் குளிராது போல.”

ஆண்களின் கார்டிகனைத் தொளதொளவென்று மாட்டிக்கொள்வதுதான் இப்போது பெண்களுக்கு நாகரிகம். எதிர்ப்பட்ட ஒவ்வொருத்தியின் மேலும் இவானா தன் கைப்பின்னலைத் தேடினாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதரை எவளோ ஒருத்திக்குத் தாரை வார்க்க அவள் தயாராக இல்லை.

இன்று கண்டுபிடித்துவிட்டாள்.

பூட்டிக் கிடந்த ஒரு கடையின் வாசலில் எர்மானோ நின்றார். எதிரே, இவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒல்லியாக ஓர் உருவம். தோள்வரை முடி. உடம்பில் அதே சாம்பல் நிறக் கார்டிகன்.

இவானா தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

எர்மானோ கோட்டைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த ஸ்வெட்டரையும் கழற்றி நீட்டினார். கோட்டை அவசரமாகத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

நடுங்குகிற குளிரில் யாராக இருந்தாலும் அதை வாங்கி அப்படியே கார்டிகனுக்கு மேலே மாட்டிக்கொள்வார்கள். இந்த உருவம் கார்டிகனைக் கழற்றியது. ஸ்வெட்டரை முதலில் போட்டு, அதற்கு மேல் கார்டிகனைப் போட்டது. காலரை ஒரு விரல் அளவு வெளியே இழுத்தது. பொத்தான்களைப் போட்டபடி விளக்கின் பக்கம் திரும்பியது. கடைசிப் பொத்தானை விட்டுவிட்டது.

தாடி மண்டிய அந்த முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி உடுத்த அவள் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான்.

தமியானோ. குடித்துவிட்டு வந்து, பெற்ற அப்பாவைக் கீழே தள்ளியவன். அன்றைக்கே வீட்டுப் பூட்டை மாற்றி, இனி அவன் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று எர்மானோவிடம் சத்தியம் வாங்கியவள் இவானா.

எர்மானோ பேச்சை எடுக்கவே இல்லை.

அவர்கள் பார்ப்பதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு விரைந்தாள். வழியெல்லாம் அழுதாள். மகன் மேல் கோபமா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

எர்மானோ வந்ததும் ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டாள். கிளப்பில் மறந்துவிட்டதாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இவானா அவர் தோளிலிருந்து ஓவர்கோட்டை வாங்கினாள். எவ்வளவு கனம் என்று கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கொக்கியில் மாட்டினாள்.

“நாளைக்கு இதை மறந்துட்டு வா.”