ஒரு மடக்குத் தண்ணீர்

"ஒரு மடக்கு குடிச்சுக் காட்டும்மா. எல்லாரும் பார்க்கறாங்க இல்ல?"

அதிகாரி சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஆனால் வார்த்தை பல்லிடுக்கில் கடிபட்டது.

தெருக்குழாயைச் சுற்றிக் கூட்டம். போன மாதம் சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்துத் தெருவில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அன்றிலிருந்து குழாயைத் தொடுவாரில்லை. லாரித் தண்ணீருக்கு நடையாய் நடந்து எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

இப்போது புதிதாகச் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தாகிவிட்டதாம். இனிக் கவலையே வேண்டாமாம். அதிகாரி ஒரு டம்ளர் பிடித்துக் கடகடவென்று குடித்தும் காட்டிவிட்டார். அடுத்த டம்ளரைத்தான், தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப்காரப் பெண்ணிடம் நீட்டினார்.

"இன்னைக்கு வேண்டாம் சார். இன்னும்..."

மேலே அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பார்த்தீங்களா, சோதிக்கறவளே குடிக்க மாட்டேங்கறா! நமக்கு மட்டும் அமிர்தமாம்!" என்றார் இஸ்திரிக்காரர்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அவளுடைய மாமியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

மருமகள் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வாய் குடிச்சா உனக்குக் குடல் வெந்துபோகுமா? உன் புருஷனோ வேலையில்லாம உட்கார்ந்திருக்கான். அந்த மனுஷன் உன்னை எங்கேயாவது தூக்கியடிச்சா?"

"தூக்கியடிப்பேன்னு சொல்லிட்டார் அத்தை."

"சொல்லியே விட்டாரா!"

"கிருமி இருக்கா இல்லையான்னு தெரியணும்னா, பிடிச்ச தண்ணிய ஒரு நாள் முழுக்கச் சூட்டுப்பெட்டியில வெச்சிருக்கணும். நாளைக்குத்தான் தெரியும். அவருக்கு மேலிடத்துல சொல்ல இன்னைக்கே வேணும்."

"அவரே குடிச்சாரேடி!"

"அவருக்குத் தைரியம் ஜாஸ்தி. தெரியாததைத் தெரியும்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"இதை அங்கேயே உரக்கச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னேன் அத்தை. அந்தச் சிரிப்புல யாருக்குக் கேட்டுது?"

மாமியாருக்கு மேற்கொண்டு திட்ட ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய கோபமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் லேப்பிலிருந்து நேரே தெருக்குழாய்க்கு வந்தாள் மருமகள். மைக் இல்லை. அதிகாரி இல்லை. குழாயைத் திறந்தாள். கையைக் குவித்துப் பிடித்து வயிறு முட்டக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாசல்களிலிருந்து தெருவே எட்டிப் பார்த்தது.

பிறகு ஒரு குடம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு மாமியார் வாசலுக்கு வந்தாள். வரிசையில் முதல் ஆள் இஸ்திரிக்காரர்! அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"ஏன்யா, நேத்து அதிகாரியே குடிச்சுக் காட்டினாரே. அப்பவே பிடிக்கறதுக்கென்ன?" என்றாள், தெருக்கோடி வரை கேட்கட்டுமென்று.

குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

"அவர் எந்தத் தண்ணியையும் குடிப்பாரும்மா. உங்க மருமக அப்படிக் குடிக்க மாட்டாங்கன்னு நேத்துதானே பார்த்தோம்!"