செம்பட்டைப் பூச்சி

“இன்னிக்கு இதை முடிச்சுட்டுத்தான் போவேன்” என்றார் கில்பர்ட், திரும்பிக்கூடப் பார்க்காமல். இட்சன் ஆற்றங்கரைப் புல்லில் முழங்காலிட்டு, தெளிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தூண்டில் கோல்.

தோட்டத்திலிருந்து வேகமாக இறங்கி வந்த ஹெஸ்டருக்கு மூச்சு வாங்கியது. எதிர்க்கரை மரத்து நிழலில், தண்ணீர் மேல் ஒரு சின்ன வட்டம் விரிந்து மறைந்தது. அவள் கணவன் ஆல்வின் மூன்று கோடையாக முயன்றும் சிக்காத ட்ரவுட் மீன் அது.

ஆல்வின் ஜனவரியில் போய்விட்டான். மீன் இருக்கிறது. தேநீர்க் கோப்பையோடு வந்து அதைப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஹெஸ்டர் இப்போதெல்லாம் காலையில் எழுந்திருக்கிறாள்.

“கூடப் பொறந்த தம்பி சாவுக்கு சர்ச்சுக்குள்ள வர உங்களுக்குக் கால் வரல. அவர் மீனைப் பிடிக்க மட்டும் வந்துடுச்சா?”

“இது மீன்பிடி கிளப் தண்ணி, ஹெஸ்டர். உன் தோட்டம் அந்த வேலியோட முடிஞ்சுது. சத்தம் போடாதே, மீன் ஓடிடும்.”

“ஓடட்டும்னுதான் போடறேன்.”

குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். எறிந்தால் மீன் மிரண்டு இந்த இடத்தையே விட்டுப் போய்விடலாம். கல் கையிலேயே இருந்தது.

கில்பர்ட் டப்பாவிலிருந்து ஒரு செயற்கைப் பூச்சியை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு குறடால் ஏதோ செய்தார். ‘டிக்’ என்றது. மீனுக்குக் காயம் படாதபடி, தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீளும் எதிர்க்கூரை நசுக்கிவிட வேண்டும் என்பது கிளப் விதி. ஆல்வினிடம் எத்தனையோ முறை கேட்ட சத்தம்தான். ஹெஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கைவலைகூடக் கொண்டுவரல. வெறுங்கையால அள்ளிடலாம்னு நெனப்பு. எவ்வளவு திமிர்.”

மே மாதப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் தண்ணீரிலிருந்து எழுந்துகொண்டிருந்தன. பத்தை விட்டுவிட்டு ஒன்றைத்தான் தின்றது அந்த மீன். கில்பர்ட் அதன் வாலுக்குப் பின்னாலிருந்து நூலை வீசினார். பூச்சி மெல்ல இறங்கி மிதந்து வந்தது. மீன் எழுந்தது, மூக்கு உரசும் அளவுக்கு வந்து, பூச்சியோடு பின்னாலேயே நகர்ந்து பார்த்தது. பிறகு சாவகாசமாக அமிழ்ந்துபோனது.

“லண்டன் கடைப் பூச்சிதானே? மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.”

“நூல் பூச்சியை இழுத்துடுச்சு” என்று முணுமுணுத்தார் கில்பர்ட். நுனியில் இன்னும் மெல்லிய நூலைக் கட்டினார். நீரோட்டம் இழுக்காதபடி தளர்த்தி வீசினார். இந்த முறை பூச்சி உயிருள்ளதைப் போலவே வந்தது. மீன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

“இப்போ இழுக்கலையே. இப்போ என்ன சாக்கு?”

“உன் வாய்தான். வேற என்ன?”

அது போதுமாக இருந்தது அவளுக்கு. “என் வாயா? போன வருஷம் கிளப் குடிசையில உங்க வாய் என்ன சொல்லுச்சு? ‘பொண்டாட்டி சீப்புல சிக்குன முடியைச் சுத்தி வச்சிருக்கான், எந்த மீன் இதைத் திங்கும்’னு. அத்தனை பேரும் சிரிச்சாங்களாம். அதுக்கு முந்தின குளிர்காலம் முழுக்க உக்காந்து இந்த ஒரு மீனுக்காகவே அந்தப் பூச்சியைக் கட்டினார். உங்க மூஞ்சியில அதை விட்டெறிஞ்சுட்டு வந்தவர், சாகிற வரைக்கும் கோலைத் தொடவே இல்ல.”

கில்பர்ட் தொப்பியைக் கழற்றினார். நாடாவில் செருகியிருந்த எதையோ எடுத்தார். மறுபடியும் குறடு, மறுபடியும் அந்த ‘டிக்’. நூலை முடிச்சுப் போட முடியாமல் விரல்கள் தடுமாறின.

“வயசாயிடுச்சு உங்களுக்கு. வீட்டுக்குப் போங்க.”

அவர் வீசினார். மீன் எழுந்தது. பார்த்தது. வேண்டாம், தொடாதே என்று ஹெஸ்டர் மனசுக்குள் கெஞ்சினாள். மீன் நிதானமாக வாயைத் திறந்து மூடியது. பூச்சியைக் காணவில்லை.

கில்பர்ட் அசையவில்லை. கோலைத் தூக்கவே இல்லை. மீன் தலையை ஒரு உலுக்கு உலுக்கிப் பூச்சியைத் துப்பிவிட்டு, மரத்தின் வேருக்கடியில் போய் மறைந்தது.

ஹெஸ்டர் கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “மீன் கவ்வினா கோலைத் தூக்கணும்னுகூடத் தெரியல. நீங்க அவருக்குப் பாடம் எடுத்தீங்களாக்கும்.”

கில்பர்ட் நூலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தார். ஈரப் பூச்சியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

செம்பட்டை முடி. அவளுடைய முடி, நரைப்பதற்கு முன்னால் இருந்த நிறத்தில். இதையுமா எடுத்து வைத்திருந்தார் இந்த மனுஷன்? ஆத்திரத்தில் விரல்களை இறுக்கி மூடினாள்.

குத்தவில்லை.

கையைத் திறந்து, பூச்சியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். “முள் எங்க?”

“வெட்டிட்டேன்.” கில்பர்ட் தொப்பியைத் தலையில் வைக்காமலே நின்றார். “தம்பிதான் ஜெயிச்சான்னு அந்த மீன் வாயால கேக்கத்தான் வந்தேன்.”