வாய்த்தகராறு

தாளின் இடப்பக்கத்தை நாலு விரல் அகலத்துக்கு மடித்து ஓரம் விட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இது டைரி. ஓரம் தேவையில்லை.

இருபத்தோரு வருடமாகப் போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் வாக்குமூலமும் எழுதுகிற ரைட்டர். கை தானாக மடிக்கிறது. அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. ஓட்டலில் வாங்கிய சாம்பார் சாதப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. பசியில்லை. தூக்கமும் இல்லை. பதினெட்டு நாளாக இதே கதைதான்.

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் இதையும் சொன்னார். தினம் ஒரு பக்கம், மனதில் இருப்பதை அப்படியே எழுத வேண்டுமாம். யாரும் படிக்கப் போவதில்லையாம்.

யாரும் படிக்காத ஒன்றை அவர் இதுவரை எழுதியதில்லை.

ஜனவரியில் ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த டைரி. இப்போது ஜூன். வெற்றுத் தாள்களைத் தள்ளித் தள்ளி இன்றைய தேதியைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே அலுத்துப்போயிருந்தது.

'நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி வளர்மதியுடன் குடியிருந்து வருகிறேன்.'

மேலே முகவரி எதுவும் இல்லை.

மனதில் இருப்பதை எழுதச் சொன்னால் வாக்குமூலம் வருகிறது. சனியன், வேறு எழுத்தே வராது போலிருக்கிறது.

'குடியிருந்து வருகிறேன்' என்பதும் சரியில்லை. அவள் முசிறியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். 'குடியிருந்து வந்தேன்' என்று திருத்தினார்.

'சம்பவத்தன்று காலை சுமார் எட்டு மணியளவில் எனக்கும் என் மனைவிக்கும் இடையே வாய்த்தகராறு ஏற்பட்டது.'

பேனா நின்றது.

வசதியான வார்த்தை அது. எத்தனையோ வீட்டுச் சண்டைகளை அந்த ஒரு வார்த்தையில் முடித்து அனுப்பியிருக்கிறார். உதடு கிழிந்து வந்த பெண்ணிடம்கூட, வாய்த்தகராறு என்று போட்டுக்கொள்கிறேன், நாளைக்குச் சேர்ந்து வாழ வேண்டாமா என்பார். அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். அவர் எழுதிய காகிதங்களில் யாரும் கை ஓங்கியதில்லை. தகராறு தானாக ஏற்படும். தானாக அடங்கும்.

அன்று வளர்மதி வாசலில் பையோடு நின்று செருப்பு மாட்டினாள். கன்னம் வீங்கியிருந்தது. அழவில்லை.

"கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்னு தம்பி சொல்றான். அங்க போனாலும் எழுதப்போறது நீங்கதானே."

அவ்வளவுதான் சொன்னாள். பதினெட்டு நாளாக அதுதான் காதில் கேட்கிறது.

வாய்த்தகராறு என்று எழுதிய வரியின் மேல் கோடு இழுத்தார்.

'யூனிஃபார்ம் சட்டையில் ஒரு பட்டன் இல்லை என்பதற்காக அவள் கன்னத்தில் அறைந்தேன்.'

முதல் தடவை என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று தோன்றியது. சேர்த்தால் பொய்.

'இதற்கு முன்பும் அறைந்திருக்கிறேன்.'

எழுதினால் பாரம் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றும் இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. பேனா பிடித்த கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாட்சிகளின் வாக்குமூலத்தில் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்குவதில்லை. நாளைக்கே கோர்ட்டில் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர்கள் மாற்றிப் பேசலாம். புகாரில்தான் கையெழுத்து உண்டு.

அவர் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

பொட்டலத்தைப் பிரித்தார். சோறு குழைந்து களியாகியிருந்தது. இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

புகார்தாரருக்கு ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும். விதி அது. இதில் புகார்தாரர் அவள்தான்.

அடுத்த தாளைக் கிழித்தெடுத்தார். மேலே பெறுநர் என்று போட்டு முசிறி முகவரியை எழுதினார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார்.