வெளிச்சம் சரியாக இருந்தது

இறந்துபோன சொர்ணத்தை நாற்காலியில் உட்கார வைத்துத் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். தூக்குவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஊரில் எல்லாச் சாவுக்கும் படம் எடுக்கும் பொன்னுதுரை, தன் மனைவியின் சாவுக்கும் கேமராவோடு நின்றான். பந்தலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. அந்த வெளிச்சத்துக்குக் கேமராவில் அளவு வைத்தால் பந்தலுக்குள் முகங்கள் கறுத்துவிடும். அதனால் ஃப்ளாஷ் போட்டான்; போட்டதே தெரியாதபடி அதைக் குறைத்து வைத்தான்.

“அண்ணே, கேமராவ எங்கிட்ட குடுத்துட்டு நீங்க மதினி பக்கத்துல நில்லுங்க,” என்றான் தம்பி.

“ஒனக்கு அளவு வைக்கத் தெரியாதுடே.”

அழுத்தினான். கேமராத் திரையில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தான். வெளியே வெயிலும் உள்ளே முகங்களும் ஒன்றுபோல் விழுந்திருந்தன. கடைசியாகச் சொர்ணத்தின் முகத்தில் வந்து நின்றான்.

“யாரும் அசையாதீங்க,” என்றான். “ஒருத்தர் கண்ண மூடிட்டாங்க. இன்னொன்னு எடுத்துருவோம்.”